பாங் ஏன் பஸ் ஏறவில்லை

ஃபெங்: இப்ப என்ன பண்றான்? எனக்கு இங்கேருந்து டிவி பாதிதான் தெரியுது.

லின்: குனிஞ்சு ஷூ லேஸ் கட்றான். சித்தி, சொல்றேன் கேளுங்க. இந்தப் பாங் நல்லவன் இல்ல.

ஃபெங்: லேஸ் கட்றது ஒரு குத்தமா?

லின்: விளக்குகூடப் போடாம கட்றானே! இன்னும் விடியல. பொண்டாட்டி தூங்கறா, அவ மொதப் புருஷனோட பையன் தூங்கறான். வேலைக்குப் போற மனுஷன் எதுக்குத் திருடன் மாதிரி நழுவணும்?

ஃபெங்: எழுப்ப வேணாம்னு இருக்கும்.

லின்: ஒர்க்‌ஷாப் திறக்கவே இன்னும் நேரம் கிடக்கு. இவ்ளோ முன்னாடி போய் அங்க யாரைப் பாக்கப் போறான்? வேற குடும்பம் இருக்கு. பாத்துக்கிட்டே இருங்க.

ஃபெங்: போன வாரம் பாத்தப்ப கடன்காரன்னு நெனச்சியாம். முந்தாநாள் எபிசோடைப் பாத்துட்டுச் சீக்காளின்னு நெனச்சியாம், இப்பதான் நீயே சொன்ன. இன்னிக்கு வேற குடும்பமா?

லின்: ஏதோ ஒண்ணு இருக்கு.

ஃபெங்: அரண்மனைக் கதையா பாத்துப் பாத்து உனக்கு எல்லா டீயிலயும் விஷம் தெரியுது. இது 'கப்பல்துறைச் சந்து' நாடகம்டீ. இதுல வில்லனே கிடையாது.

லின்: வில்லன் இல்லாம நாப்பது எபிசோடு எப்படி ஓட்டுவாங்க?

ஃபெங்: ஓட்றாங்களே. நீயும் பாக்கறியே.

லின்: அதுதான் எனக்கும் புரியல… ஆ, இந்தப் பையன் முழிச்சுக்கிட்டான்! தூங்கற மாதிரி நடிச்சிருக்கான். கோட்டை மாட்டறான். சித்தி, இவன் பின்னாடியே போகப் போறான்!

ஃபெங்: இரு இரு, வர்றேன்… சே, கையெல்லாம் மாவு.

லின்: ஓடாதீங்க. விளம்பரம் போட்டுட்டான்.

ஃபெங்: நல்ல இடத்துல நிறுத்துவானே, படுபாவி.

லின்: அவன் போகட்டும் பின்னாடி. கையும் களவுமாப் பிடிக்கட்டும். இன்னொருத்தர் வீட்டுக்குள்ள வந்து ஒட்டிக்கிட்டவங்களை எல்லாம்… உங்களைச் சொல்லல.

ஃபெங்: நான் ஒண்ணும் சொல்லலியே. நீ பூண்டு உரி.

லின்: பாங்கைத்தான் சொன்னேன்.

ஃபெங்: தெரியுது. தோலைக் கீழ போடாத, தட்டுல போடு.

லின்: சித்தி… எவ்ளோ மாவு பிசைஞ்சிருக்கீங்க?

ஃபெங்: கொஞ்சம்தான்.

லின்: இது கொஞ்சமா? வஞ்சிரமே ஒரு முழு மீன் அரைச்சிருக்கீங்க. நான் வந்து மணியடிச்சப்ப மீன் ஏற்கெனவே அரைச்சு ரெடியா இருந்துச்சு. நான் வர்றேன்னு யாருக்கும் சொல்லல. தனியா இருக்கறவங்க யாருக்கு இவ்ளோ மீன் கொழுக்கட்டை பிடிக்கறீங்க?

ஃபெங்: மிஞ்சினா ஃப்ரீசர்ல வெப்பேன்.

லின்: ஃப்ரீசர் காலி. தண்ணி எடுக்கறப்ப பாத்தேன்.

ஃபெங்: நீ தண்ணி எடுக்க ஃப்ரீசரை ஏன் திறந்த?

லின்: … தெரியாம திறந்துட்டேன்.

ஃபெங்: பால்கனிக் கதவும் தெரியாமதான் திறந்துச்சா?

லின்: பாத்துக்கிட்டா இருந்தீங்க?

ஃபெங்: குளிர் காத்து வந்துச்சு. திரும்பிப் பாத்தேன்.

லின்: சரி, நீங்களே பேச்சை எடுத்துட்டீங்க. முட்டைக்கோஸ் எங்க? பனி விழ ஆரம்பிச்சாச்சு. வருஷா வருஷம் பனிக்காலம் முழுக்கத் திங்க அப்பா பால்கனியில சுவர் மாதிரி அடுக்கி வெப்பாரு. பழைய போர்வையப் போட்டு மூடி வெச்சிருப்பாரு. இந்த வருஷம் ஒரு கோஸ்கூட இல்ல.

ஃபெங்: அவரே இல்ல. ஒருத்தி எத்தனை கோஸ் தின்பேன்?

லின்: தையல் மிஷின்?

ஃபெங்: ரிப்பேர்.

லின்: அலமாரி மேல இருந்த ரஜாய் போர்வை மூட்டை?

ஃபெங்: வெயில்ல போட்டிருக்கேன்.

லின்: வெயிலா! ஒரு வாரமா இந்த ஊர்ல பனி கொட்டுது. எந்த வெயில்ல?

ஃபெங்: நீ மருந்துக்கடையில வேலை பாக்கறியா, போலீஸ் ஸ்டேஷன்லயா? வந்ததுலேருந்து கேள்வி, கேள்வி, கேள்வி.

லின்: பதில் சரியா வந்தா நான் எதுக்குக் கேக்கறேன்?

ஃபெங்: சரி. அப்ப நானும் கேக்கறேன். வெய்தோங் எங்க? பொண்டாட்டி ஜினான்லேருந்து தனியா ரயில் ஏறி வர்றா, மாப்பிள்ளை வரல?

லின்: வேலை.

ஃபெங்: ஞாயித்துக்கிழமை?

லின்: அவங்க ஆபீஸ்ல அப்படித்தான்.

ஃபெங்: ஒரு ராத்திரிக்குத்தானே வந்திருக்கே?

லின்: ஆமா. ரெண்டு… பாக்கலாம்.

ஃபெங்: அதுக்கு அலமாரி அளவுல ஒரு பெட்டி. ஏழாவது மாடி, லிஃப்ட் வேற கெட்டுக் கிடக்கு. தூக்கிட்டு வந்து மூச்சு வாங்கினியே, உள்ள என்ன, கல்லா?

லின்: துணிதான். எது வேணும்னு தெரியல, அள்ளிப் போட்டுட்டேன்.

ஃபெங்: அந்த அவசரத்துல செருப்பை மாத்த மறந்துட்டியா? பனியில எவளாவது வீட்டுச் செருப்போட வருவாளா?

லின்: … இது மென்மையா இருக்கு. நடக்க வசதி.

ஃபெங்: ஓஹோ. வந்து சேர்ந்தேன்னு அவனுக்கு ஒரு வார்த்தை சொல்லிடு. கவலைப்படுவான்.

லின்: போன்ல சார்ஜ் இல்ல.

ஃபெங்: என் சார்ஜர் இருக்கு பாரு, டிவி பக்கத்துல. அதே பின்தான்.

லின்: வேணாம்! இல்ல… அப்புறம் போட்டுக்கறேன். ஆ, விளம்பரம் முடிஞ்சுது. வாங்க, வாங்க.

ஃபெங்: தட்டை எடுத்துட்டே வர்றேன். அங்கயே உக்காந்து பிடிக்கலாம். தள்ளு.

லின்: பாருங்க. சந்துல இறங்கிட்டான் பாங். பையன் மறைஞ்சு மறைஞ்சு போறான்.

ஃபெங்: அந்தச் சந்தைப் பாரேன். நேத்துப் பெஞ்ச மழைத் தண்ணி ஓரத்துல இன்னும் தேங்கியிருக்கு. பக்கத்து வீட்ல எவனோ இருமறான். எவன்னு காட்டவே மாட்டாங்க. ஆனா தினமும் இருமுவான்.

லின்: நானும் கவனிச்சேன்.

ஃபெங்: கவனிச்சியா? நான் மட்டும்தான்னு நெனச்சேன்.

லின்: பாங் பொண்டாட்டி ஸ்வெட்டரைப் பாத்தீங்களா? முழங்கையில ஒட்டுப் போட்டது வேற நூல். முதல்ல சிவப்பு, கிழிஞ்சப்புறம் பழுப்பு. அதுக்கப்புறம் வந்த எல்லா எபிசோடுலயும் அதே பழுப்பு. மாத்தவே இல்ல.

ஃபெங்: சோறு சாப்பிடறதும் நிஜமாவே சாப்பிடறாங்க. மத்த நாடகத்துல எல்லாம் குச்சியைக் கிண்ணத்துக்குள்ள சும்மா ஆட்டிட்டு வசனம் பேசுவாங்க. இதுல வாயில சோத்தை வெச்சுக்கிட்டுப் பேசறாங்க. பாதி வார்த்தை புரியாது. பசிக்குது எனக்கு, பாத்தாலே.

லின்: நீளமா யாரும் பேசறதே இல்ல.

ஃபெங்: வீட்ல எவ நீளமாப் பேசறா? இதெல்லாம் எங்க பாத்த நீ? ஜினான்லயும் ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துலதானே போடறான்?

லின்: மறுநாள் கடையில பாப்பேன். மருந்து அடுக்கற ரூம்ல, போன்ல. சத்தத்தைக் குறைச்சு வெச்சு.

ஃபெங்: ஏன், வீட்ல டிவி இல்லியா?

லின்: இருக்கு.

ஃபெங்: அப்புறம்?

லின்: … பாங்கைப் பாருங்க, எங்க போறான்னு. பஸ் ஸ்டாப்தான்!

ஃபெங்: வேலைக்குத்தானே போறான், பஸ் ஸ்டாப்புக்குத்தான் போவான்.

லின்: பெஞ்சுல உக்காந்துட்டான். யாரோ வரப்போறா. பாருங்க, பாக்கெட்லேருந்து ஏதோ எடுக்கறான்.

ஃபெங்: பன்.

லின்: பன்னா?

ஃபெங்: நேத்து ராத்திரி மிஞ்சின, ஆவியில வேக வெச்ச பன்தான். ஆறிப் போயிருக்கும், பாவம். பாரு, பிச்சுத் திங்க முடியல.

லின்: பஸ் வருது. ஏறுவான்… ஏறல! சித்தி, பஸ்ஸை விட்டுட்டான்! சொன்னேன்ல! யாருக்கோ காத்திருக்கான்!

ஃபெங்: கத்தாத. யாரோ கதவைத் தட்றாங்க.

லின்: யாரு?

ஃபெங்: எனக்கென்ன தெரியும், போய்ப் பாத்தாத்தான…

லின்: திறக்காதீங்க!

ஃபெங்: ஏண்டீ?

லின்: யாருன்னு கேளுங்க முதல்ல. திறக்காம கேளுங்க. நான் உள் ரூம்ல இருக்கேன். நான் இருக்கேன்னு சொல்லாதீங்க.

ஃபெங்: … யாரு அது?

ஜியாங்: நான்தான் தங்கச்சி. கீழ் வீட்டு ஜியாங்.

ஃபெங்: ஜியாங் அண்ணனா. லின், வா வெளிய, நம்ம ஜியாங் மாமாதான்.

ஜியாங்: அட, லின்னு! வந்துட்டியா! நல்லா இருக்கியாம்மா? எளைச்சுட்டியே.

லின்: வாங்க மாமா. நல்லா இருக்கேன்.

ஜியாங்: தங்கச்சி, இந்தா, நைலான் கயிறு கேட்டீங்களே. கட்டு உறுதியா நிக்கும். அப்புறம் நம்ம வண்டிக்காரன் சொல்லிட்டான், புதன்கிழமை காலையில…

ஃபெங்: அண்ணே, அது இப்ப வேணாம்.

ஜியாங்: வேணாமா? நேத்து அவ்ளோ அவசரம்னீங்க! படகுக்கு நேரம் வேற பாத்து வெச்சேன்.

ஃபெங்: அப்புறம் பேசலாம்ணே. நிறுத்தி வைங்க.

ஜியாங்: சரி சரி. உங்க இஷ்டம். கீழ வாசல்ல நான் இருக்கேன், ஒண்ணும் கவலைப்படாதீங்க, மத்தியானம் சொன்ன மாதிரியே…

ஃபெங்: கொழுக்கட்டை வெந்ததும் ஒரு தட்டு அனுப்பறேன்ணே! படி வழுக்கும், பாத்து இறங்குங்க!

ஜியாங்: அனுப்புங்க, அனுப்புங்க. வினிகர் எங்கிட்ட இருக்கு. வர்றேன் லின்னு.

லின்: மத்தியானம் என்ன சொன்னீங்க அவருக்கு?

ஃபெங்: லிஃப்ட் ரிப்பேர் பத்தி.

லின்: சித்தி.

ஃபெங்: டிவியைப் பாரு. இன்னொரு பஸ் போச்சு.

லின்: கயிறு எதுக்கு? வண்டி எதுக்கு? படகு எதுக்கு?

ஃபெங்: நீ எதுக்கு உள் ரூமுக்கு ஓடின? அதைச் சொல்லு.

லின்: நான் முதல்ல கேட்டேன்.

ஃபெங்: அப்ப ரெண்டு பேரும் வாயை மூடிட்டு நாடகத்தைப் பாக்கலாம். என்னமோ காட்டறான் பாரு.

லின்: … எதைப் பாக்கறான் அவன்? மேல பாக்கறான்.

ஃபெங்: ஜன்னலை. அவங்க வீட்டு சமையக்கட்டு ஜன்னல். பெஞ்சுலேருந்து நேராத் தெரியுது.

லின்: யாரும் வரல. அவன்பாட்டுக்கு உக்காந்திருக்கான். பையன் பேப்பர் கடைக்குப் பின்னாடி நின்னு அவனையே பாக்கறான்.

ஃபெங்: விளக்கு போட்டுட்டா. அவ எழுந்துட்டா.

லின்: பாங் சிரிக்கறான்.

ஃபெங்: ஆமா.

லின்: பஸ் வந்துருச்சு… இதுல ஏறிட்டான். அவ்ளோதானா? முடிஞ்சு போச்சா? அப்ப எதுக்கு அத்தனை பஸ்ஸை விட்டான்? யாருமே வரலியே?

ஃபெங்: முதல் வாரம் பாத்தியா நீ?

லின்: பாத்தேன்.

ஃபெங்: பாங் வர்றதுக்கு முன்னாடி, காலையில அம்மாவும் பையனும் எப்படிச் சாப்பிடுவாங்க?

லின்: பேசிக்கிட்டே. முட்டையைப் பாதி பாதி பங்கு போட்டு… அவன் வாத்தியாரை மாதிரி நடிச்சுக் காட்டுவான், அவ கஞ்சி தெறிக்கறாப்ல சிரிப்பா.

ஃபெங்: பாங் வந்தப்புறம்?

லின்: மேஜையில யாரும் பேசல. கிண்ணத்தைப் பாத்துக்கிட்டே சாப்பிடுவான் பையன்… ஐயோ.

ஃபெங்: ம்.

லின்: அவங்க ரெண்டு பேரும் தனியாச் சாப்பிடட்டும்னா? அதுக்கா முன்னாடியே கிளம்பி வந்து குளிர்ல உக்காந்திருக்கான்?

ஃபெங்: எனக்கென்ன தெரியும்? நாடகத்துல யாரும் சொல்லல.

லின்: சொல்லவே இல்ல. பாட்டுகூடப் போடல. வேற நாடகமா இருந்தா இந்நேரம் வயலின் அழுதிருக்கும், பையன் ஓடிப் போய் 'அப்பா'ன்னு கட்டிப் பிடிச்சிருப்பான்.

ஃபெங்: இவன் பேசாம வீட்டுக்குத் திரும்பிப் போறான் பாரு. அம்மாகிட்டயும் சொல்ல மாட்டான்னு நெனைக்கிறேன்.

லின்: நல்லா எடுத்திருக்காங்க, சண்டாளனுங்க.

ஃபெங்: மூக்கைத் துடை. மாவுல சொட்டிடப் போகுது.

லின்: நான் அழல. பூண்டு.

ஃபெங்: பூண்டு உரிச்சா எவளுக்கும் கண்ணுல தண்ணி வராது.

லின்: … சித்தி.

ஃபெங்: சொல்லு.

லின்: நான் புத்தாண்டுக்கு வருவேன்ல. வந்து பெட்டியை வெச்சதும், நீங்க கூடையைத் தூக்கிட்டுச் சந்தைக்குக் கிளம்பிடுவீங்க.

ஃபெங்: மீன் வாங்க.

லின்: மத்தியானச் சாப்பாடு முடிஞ்சு, பொழுது சாயற நேரத்துக்கு வருவீங்க.

ஃபெங்: மீன்காரன் மெதுவா வெட்டுவான்.

லின்: கடலுக்குள்ள போய்ப் பிடிச்சிட்டு வந்து வெட்டுவானோ?

ஃபெங்: கூட்டம் இருக்கும், புத்தாண்டு சமயம்.

லின்: எங்க போனீங்க? என் மூஞ்சியைப் பாக்கப் பிடிக்காமப் போறீங்கன்னு நெனச்சேன். அப்பாகிட்ட சண்டையே போட்டிருக்கேன். 'உங்க பொண்டாட்டிக்கு நான் வந்தா ஆகல'ன்னு.

ஃபெங்: தெரியும். சொன்னாரு.

லின்: அவர் என்ன பதில் சொன்னாருன்னு தெரியுமா? ஒண்ணுமே சொல்லல. டீயை ஊத்திக் குடுத்தாரு.

ஃபெங்: சொல்லக்கூடாதுன்னு நான்தான் சத்தியம் வாங்கியிருந்தேன். சொல்லிட்டா நீ நாகரிகம் பாத்து 'இருங்க சித்தி, இருங்க சித்தி'ம்ப. அப்புறம் மூணு பேரும் உக்காந்து வானிலை பத்திப் பேசணும். வருஷத்துக்கு ரெண்டு தடவை வர்ற பொண்ணு. அவளோட அப்பா. நான் எதுக்கு நடுவுல?

லின்: எங்க இருந்தீங்க அவ்ளோ நேரம்? அந்தக் குளிர்ல?

ஃபெங்: படகுத்துறையில. டிக்கெட் வாங்கறவங்க உக்கார்ற ரூம்ல ஹீட்டர் உண்டு. தெரிஞ்ச பொண்ணுதான் கவுண்ட்டர்ல. வெந்நீர் தருவா. இப்ப எதுக்கு இப்படிப் பாக்கற? பாங்கைவிட நான் தேவலை. எனக்கு ஹீட்டர் இருந்துச்சு. கொழுக்கட்டைத் தண்ணி கொதிக்குது, எழுந்திருக்க விடு.

லின்: உக்காருங்க. கொதிக்கட்டும். இப்பக் கேக்கறேன், இதுக்காவது நேராச் சொல்லுங்க. ஜியாங் மாமாவைக் கட்டிக்கப் போறீங்களா?

ஃபெங்: என்னது?

லின்: கயிறு கொண்டு வர்றாரு, வண்டி பேசறாரு, 'ஒண்ணும் கவலைப்படாதீங்க'ங்கறாரு. தப்புன்னு சொல்லல. அப்பா போய் வசந்தம், கோடை எல்லாம் தாண்டிடுச்சு. உங்களுக்கும் ஒரு…

ஃபெங்: ஹா! ஹா! ஐயோ… இரு, வயிறு வலிக்குது. அந்த ஆளோட குறட்டை கீழ் வீட்லேருந்து என் கட்டிலை ஆட்டுது. பக்கத்துல வேற படுக்கணுமா நான்?

லின்: அப்ப வீட்டை வித்துட்டீங்களா?

ஃபெங்: …

லின்: சிரிப்பு நின்னுடுச்சு பாருங்க.

ஃபெங்: வீட்டை நான் எப்படி விப்பேன்? இது உங்க அப்பா துறைமுகத்துல கிரேன் ஓட்டிச் சம்பாதிச்ச வீடு. நீ பொறந்த வீடு. கதவு நிலையில உன் உயரம் அளந்த கோடு இருக்கு. பெயிண்ட் அடிக்க வந்தவனை அந்த இடத்தைத் தொட விடல நான்.

லின்: அப்புறம் எங்க போறீங்க?

ஃபெங்: சாங்தாவ் தீவுக்கு. எங்க அக்கா அங்க விருந்தினர் விடுதி வெச்சிருக்கா. கோடையில கடல் பாக்க ஜனம் வரும். சமையலுக்கு ஆள் வேணுமாம்.

லின்: இப்ப பனிக்காலம்.

ஃபெங்: முன்னாடியே போய்ப் பழகிக்கறது.

லின்: யாரும் உங்களைப் போகச் சொல்லலியே!

ஃபெங்: அதனாலதான் போறேன். சொல்ற வரைக்கும் உக்காந்திருக்கச் சொல்றியா? என்னிக்கோ ஒரு நாள் நீ வந்து, இதே சோபாவுல நுனியில உக்காந்து, டீயை ஆற விட்டு, 'சித்தி, ஒரு விஷயம்'னு ஆரம்பிப்ப. உனக்கு அந்தச் சங்கடம் வேணாம். எனக்கும் வேணாம். சாவியை ஜியாங் அண்ணன்கிட்ட குடுத்துட்டுப் போயிருப்பேன், உனக்கு ஒரு போன் வந்திருக்கும்.

லின்: நான் வந்து கேப்பேன்னு நெனச்சீங்களா?

ஃபெங்: சந்தேகம்தான். கேக்காமயும் இருப்பன்னு ஒரு சந்தேகம். ரெண்டையும் வெச்சுக்கிட்டு எத்தனை நாள் தூங்கறது?

லின்: எனக்கு என்ன சந்தேகம் தெரியுமா? மாடி ஏறி வர்றப்ப ஒவ்வொரு படியிலயும் ஒத்திகை பாத்துக்கிட்டே வந்தேன். 'ஒரு ராத்திரிதான் சித்தி'ன்னு. நீங்க கதவைப் பாதி திறந்து, 'முன்னாடியே சொல்லியிருக்கலாமே, பக்கத்துல நல்ல ஹோட்டல் இருக்கு'ம்பீங்கன்னு.

ஃபெங்: பைத்தியம்.

லின்: ஆமா. வியாதிதான் சித்தி இது. எனக்கு ஒட்டிக்கிச்சு. யாரைப் பாத்தாலும் எதையோ மறைக்கறாங்கன்னு தோணுது. லேஸ் கட்றவன்கூட. முன்னாடி நான் இப்படி இல்ல.

ஃபெங்: இல்லதான். சின்ன வயசுல தெருவுல போறவனுக்கெல்லாம் ஆப்பிள் குடுப்பியாம். அப்பா சொல்வாரு.

லின்: வெய்தோங்… அவர் அடிக்கறவர் இல்ல. கத்தறவர்கூட இல்ல. ரொம்ப மெதுவாக் கேப்பாரு. டிவி பாத்துச் சிரிச்சா, 'எதைப் பாத்துச் சிரிச்சே?'ம்பாரு. சொன்னா, 'அதுல சிரிக்க என்ன இருக்கு, யாரை நெனச்சுச் சிரிச்சே?'ம்பாரு. அதான் வீட்ல பாக்கறதில்ல.

ஃபெங்: ம்.

லின்: கடைக்குப் போய்ச் சேர்ந்ததும் போட்டோ அனுப்பணும். பின்னால யாரு நிக்கறாங்கன்னு தெரியணும். பஸ் லேட்டானா பஸ்ஸோட போட்டோ. முதல்ல எல்லாம் அக்கறைன்னு நெனச்சேன். அப்புறம் போன்லயே ஏதோ போட்டு வெச்சாரு, நான் எங்க நகர்ந்தாலும் அவருக்குப் புள்ளி தெரியும். நேத்து ராத்திரி, வேலையை விட்டுடுன்னாரு. 'உனக்குக் கஷ்டம் வேணாம், வீட்லயே இரு'ன்னு, தலையைத் தடவிக்கிட்டே.

ஃபெங்: வீட்டுச் செருப்போட வந்துட்ட.

லின்: காலையில குப்பை கொட்டப் போறேன்னு இறங்கினேன். பெட்டியை முன்னாடியே கீழ் வீட்டுப் பொண்ணுகிட்ட குடுத்து வெச்சிருந்தேன். ரயில் ஏறினதும் போனை அணைச்சேன். இன்னும் போடல.

ஃபெங்: திங்கறதுக்கு ஏதாவது வாங்கினியா ரயில்ல?

லின்: இல்ல.

ஃபெங்: வந்ததுலேருந்து பூண்டை மட்டும் உரிச்சுக்கிட்டு இருக்கே. வாயைத் திறந்து பசிக்குதுன்னு சொல்றதுக்கென்ன? இரு, தண்ணியில போட்டுட்டு வர்றேன். அங்கேருந்தே பேசு, எனக்குக் கேக்கும்.

லின்: சித்தி, ஒரு ராத்திரி இல்ல. எனக்கு எத்தனை நாள்னு தெரியல. திரும்பிப் போக மாட்டேன், அது மட்டும் தெரியும். வீட்டைக் கேக்க வரல. நீங்க இருக்கற வீட்ல கொஞ்ச நாள் இருக்கலாமான்னு கேக்க வந்தேன். அவ்ளோதான்.

ஃபெங்: மேல் அலமாரியில அந்தப் பெரிய தட்டை எடு.

லின்: காதுல விழுந்துச்சா?

ஃபெங்: விழுந்துச்சு. ரஜாயை ஜியாங் அண்ணன் வீட்லேருந்து நாளைக்கு எடுத்துட்டு வரணும். நீ ஒரு முனை, நான் ஒரு முனை. தட்டு எங்க?

லின்: இந்தாங்க… ஆனா ஒண்ணு யோசிச்சீங்களா? அவர் சும்மா இருக்க மாட்டாரு. எனக்குப் போக வேற இடம் இல்லேன்னு அவருக்குத் தெரியும். இன்னிக்கு இல்லேன்னா நாளைக்கு உங்களுக்குத்தான் போன் பண்ணுவாரு. ரொம்ப மரியாதையாக் கேப்பாரு. உங்களுக்குப் பொய் வராது சித்தி, மீன்காரன் மெதுவா வெட்டுவான்னுதான் வரும். அவர் யாரையும் நம்பற ஆளில்ல. என்ன சொல்லுவீங்க?

ஃபெங்: மத்தியானமே கூப்பிட்டுட்டான், நீ வர்றதுக்கு ரொம்ப முன்னாடி. அதுக்கப்புறம்தான் மீன் அரைச்சேன், ஜியாங் அண்ணனைக் கீழ வாசலைப் பாத்துக்கச் சொன்னேன். 'அங்க வந்தா ஒரு போட்டோ மட்டும் எடுத்து அனுப்புங்க'ன்னான். 'அவ என்ன என் வயித்துல பொறந்தவளா, என் வீட்டு வாசப்படி ஏன் மிதிக்கப் போறா? மிதிச்சாலும் நான் உள்ள விடமாட்டேன்'னேன்… அதை மட்டும் உடனே நம்பிட்டான்டீ.